பசலி 1484-இன் அடங்கல்

செவ்வந்தி அக்காவை நான் சரியாகப் பார்த்தது, நான் செறுவூரில்தான் குடியிருக்கிறேனா என்று விசாரிக்க அவர் வந்த அன்றுதான். இருப்பிடச் சான்றுக்கு விண்ணப்பித்திருந்தேன். ஏழு வருடம் ஊர் ஊராக, நாடு நாடாகச் சுற்றிவிட்டு வந்தவளுக்கு அது சுலபமாகக் கிடைத்துவிடக் கூடாது என்பதில் நியாயம் இருக்கிறது. அவர் சைக்கிளை வேலியில் சாய்த்து நிறுத்தினார். பக்கத்து வீட்டில் இரண்டு கேள்வி கேட்டார். பிறகு என்னிடம் வந்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஏழு வருஷம்னு போட்டிருக்கீங்க. உங்களுக்கு ஏழு வருஷம் ஆச்சா, இல்ல கொறச்சலா ஆச்சா?"

எனக்குப் புரியவில்லை. மிக வேகமாகப் போகிறவர்களுக்குக் காலம் மெதுவாக ஓடும் என்று விளக்கினார். நட்சத்திரத்துக்குப் போய்விட்டு ஒரு வருடத்தில் திரும்புகிறவனுக்கு, ஊரில் இருக்கும் தம்பி கிழவனாகியிருப்பான். ரேஷன் அட்டையில் இவன் பெயரை அடித்திருப்பார்கள். வாக்காளர் பட்டியலில் இறந்தவர் என்று போட்டிருப்பார்கள்.

"அந்த ஆளு வந்து கேட்டா இருப்பிடச் சான்று குடுக்கலாமா, கூடாதா? ரொம்ப நாளா யோசிக்கிறேன். உங்களுக்குக் குடுக்கலாம்," என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

செறுவூர், சீர்காழிக்குக் கிழக்கே, கடலுக்கு ஏழு கிலோமீட்டர் மேற்கே இருக்கிறது. செவ்வந்தி அக்கா அங்கே கிராம உதவியாளர். தலையாரி என்று பழைய நாளில் சொன்ன வேலையின் புதிய பெயர் அது. கிராம நிர்வாக அலுவலருடன் வயல் வயலாகப் போய்ப் பயிர் பார்க்க வேண்டும், நோட்டீஸ் ஒட்ட வேண்டும், யார் எங்கே குடியிருக்கிறார், யார் இறந்தார் என்று சொல்ல வேண்டும், வெள்ளக் காலத்தில் வாய்க்கால் கரையில் மண்மூட்டையோடு நிற்க வேண்டும். இருபத்தாறு வருடத்தில் பதினொரு அலுவலர்கள் மாறிப் போய்விட்டார்கள். இப்போது இருக்கும் சேரன் பன்னிரண்டாவது ஆள். எந்தப் புல எண் எந்த வாய்க்காலுக்குத் தெற்கே இருக்கிறது என்பதைச் சேரன் கணினியில் பார்ப்பார். அக்கா பார்க்காமல் சொல்வார்.

அவருக்கு ஐம்பத்தைந்து வயது. கீழத்தெருக்காரர். அவருடைய அப்பா பண்ணையாள். குடிசை இருந்த மனை பண்ணைக்காரருக்குச் சொந்தம். அவருக்குக் கோபம் வந்தால் கூரையைப் பிரித்துக்கொண்டு கிளம்பச் சொல்லலாம். அக்கா கைக்குழந்தையாக இருந்தபோது சட்டம் மாறியது. குடியிருக்கிற மனை குடியிருப்பவனுக்கே என்றாகி, அப்பாவின் பெயருக்கு ஒரு தாள் வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத அவர் அதை எட்டாக மடித்து ஒரு தகர டப்பாவில் வைத்திருந்தார். மூன்றாம் வகுப்பில் மகளுக்கு எழுத்துக் கூட்ட வந்ததும் டப்பாவைத் திறந்து தாளைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். வடக்கே வாய்க்கால், தெற்கே வண்டிப்பாதை, கிழக்கே கோயில் புறம்போக்கு, மேற்கே இன்னார் மனை, இதற்கு உட்பட்டது என்று சொல்லி நடுவில் அப்பாவின் பெயர் இருந்தது. மறுபடி வாசி என்றார் அப்பா. அன்று சாயங்காலத்துக்குள் எட்டு முறை வாசிக்க வைத்தாராம். தாளில் எழுதிவிட்டால் ஒரு மனிதனை அவன் இடத்திலிருந்து நகர்த்த முடியாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டதாக அக்கா சொன்னார். படிவங்களின் மேல் அவருக்கு இருக்கும் பிரியத்துக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

கதைகள் வந்தது வேறு வழியாக. வேலையில் சேர்ந்த புதிதில், ஊர்ப்புற நூலகத்தில் வெள்ளத்தில் நனைந்த புத்தகங்களைக் கழித்துக் கட்டும்போது, அதற்குக் கணக்கெடுக்கப் போன அக்காவிடம் நூலகர் ஒரு புத்தகத்தைக் கொடுத்துவிட்டார். அட்டை இல்லை, முதல் பதினாறு பக்கம் இல்லை. எழுதியவர்கள் யார், தமிழில் ஆக்கியவர் யார், எதுவும் தெரியாது. பதினொரு விஞ்ஞானச் சிறுகதைகள். அவர் அவற்றைச் சொல்லச் சொல்ல, எங்கெங்கோ விடுதிகளின் புத்தக அலமாரிகளில் நான் படித்திருந்த அதே கதைகள் என்று எனக்குத் தெரிந்தது. அவற்றிலிருந்து கிளைத்துத்தான் பிறகு நூற்றுக்கணக்கான கதைகளும் படங்களும் வந்தன. அக்காவுக்கு அந்த வரலாறு தெரியாது. ஆனால் அவற்றை அவர் தம் வழியில் வகைப்படுத்தி வைத்திருந்தார்.

மத்தியான நேரங்களில் அலுவலகத்தில் ஆள் இருக்காது. நான் போய் உட்கார்ந்து எனக்குத் தெரிந்த கதை ஒன்றைச் சொல்வேன். பாதியிலேயே அது என்ன மனு என்று சொல்லிவிடுவார். வேற்றுக் கிரகத்தார் பூமியில் இறங்கினால் ஆக்கிரமிப்பு. மனிதனைப் போலவே ஓர் இயந்திரம் நடமாடினால் ஆள்மாறாட்டம். ஒருவன் பழைய காலத்துக்குப் போய் எதையோ லேசாக இடம் மாற்றிவிட்டுத் திரும்ப, உலகமே வேறாகிவிட்டது என்றால், எல்லைக்கல்லை நகர்த்தியது. மனிதர்கள் எல்லாரும் போன பிறகும் இயந்திரங்கள் வேலை செய்துகொண்டிருந்தால், வாரிசில்லாச் சொத்து. தன் பாட்டனைத் தேடிப்போய்க் கொன்றவன் கதையைச் சொன்னபோதுதான் சற்றுத் திணறினார்.

"வாரிசுச் சான்று கேட்டு வந்தவனே சொத்துக்காரரக் கொன்னுபுட்டா, யாருகிட்ட கையெழுத்து வாங்குறது பாப்பா? இத மேல அனுப்ப வேண்டியதுதான்."

எல்லாக் கதையும் கடைசியில் ஒன்றைத்தான் கேட்கிறது என்பது அவர் முடிவு. யார் உள்ளே, யார் வெளியே, அதை எழுதி வைக்கிறவர் யார். வருடாந்தரக் கணக்குத் தீர்வான ஜமாபந்தியில் வரும் மனுக்களும் அதைத்தான் கேட்கின்றன, நட்சத்திரம் மட்டும் அவற்றில் இருக்காது என்றார்.

அவரே எழுதுகிறார் என்று தெரிய எனக்கு இரண்டு மாதம் ஆனது. அடங்கல் என்பது எந்த வயலில், யாருக்கு, என்ன பயிர் என்று வருடா வருடம் எழுதும் பதிவேடு. அது கணினிக்குப் போன பிறகு, அச்சடித்த பழைய வெற்றுப் படிவங்கள் ஒரு கோணிப்பை நிறைய அலுவலக மூலையில் கிடந்தன. அக்கா அவற்றில் எழுதினார், அதுவும் படிவத்தின் கட்டங்களை நிரப்பியே எழுதினார். மனுவாக, மகஜராக, விசாரணைக் குறிப்பாக முப்பத்தொரு கதைகள். ஒன்றில் நடவு இயந்திரம் ஒன்று ஆட்சியருக்கு மனுக் கொடுக்கிறது: நான்கு தலைமுறையாக இந்த வயல்களில் உழைக்கிறேன், நிற்க நிழலில்லை, எனக்கொரு மனைப்பட்டா வேண்டும். விசாரிக்கப் போகிற கிராம உதவியாளர், "அப்பா பேர்?" என்ற கட்டத்துக்கு எதிரே என்ன எழுதுவது என்று தெரியாமல் நிற்பதோடு கதை முடிகிறது. அதைப் படித்த அன்று நான் அவருக்குத் தேநீர் வாங்கி வந்து கொடுத்தேன்.

முப்பத்தொன்றாவது கதைதான் தொல்லையைக் கொண்டுவந்தது. அதைப் புரிந்துகொள்ளப் பசலி தெரிய வேண்டும். வருவாய்த்துறைக்கென்று தனி ஆண்டு உண்டு. ஜூலையில் தொடங்கும். ஆங்கில ஆண்டில் ஐந்நூற்றுத் தொண்ணூறைக் கழித்தால் பசலி வரும். 2024 ஜூலையில் தொடங்கியது பசலி 1434. எல்லாப் பதிவேட்டின் தலையிலும் அது இருக்கும். யாரும் அதைப் படிப்பதில்லை.

அக்காவின் கதை பசலி 1484-க்கான செறுவூர் அடங்கல். ஐம்பது வருடம் கழித்து ஊர் கடலுக்கடியில் இருக்கிறது. பதிவேட்டை மூடச் சொல்லி மேலிருந்து உத்தரவு எதுவும் வராததால், ஒரு கிராம உதவியாளர் மட்டும் படகில் போய் ஒவ்வொரு புல எண்ணுக்கு மேலும் நின்று, கீழே பார்த்து, கட்டங்களை நிரப்பிக்கொண்டிருக்கிறார். அவ்வளவுதான் கதை. பயிர் என்ற கட்டத்தில் சில இடத்தில் அலை, சில இடத்தில் இறால், சில இடத்தில் கடல் என்று இருக்கும். மற்றதெல்லாம் குறிப்பு என்கிற கடைசிக் கட்டத்தில்.

நவம்பரில் பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் நெருங்கியது. சம்பா நட்டவர்கள் சிட்டாவும் அடங்கலும் வாங்க அலுவலக வாசலில் மழையில் நின்றார்கள். சேரன் கையெழுத்துப் போட, அக்கா தாள்களைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். கதைத்தாளை அதே கட்டில் வைத்திருந்தது அவர் செய்த தவறு. அது மருதையனின் கைக்குப் போய்விட்டது.

மருதையன் கீழத்தெருவில் முதன்முதலாக நிலம் வாங்கிய குடும்பத்தவர். புல எண் 87/2, மூன்று மா, ஏறக்குறைய ஓர் ஏக்கர். அவர் அப்பா பண்ணைக்காரரிடமிருந்தே வாங்கியது. தாளை எடுத்துக்கொண்டு அவர் கடைத்தெருவில் அப்சர் நடத்தும் இ-சேவை மையத்துக்குப் போனார். அப்சர் அவர் புல எண்ணைத் தேடி விரலை ஓட்டிக் கட்டத்தைப் படித்துவிட்டு, இதைப் பதிவேற்ற முடியாது, உங்கள் வயலுக்கு நேரே கடல் என்று போட்டிருக்கிறது என்றார். மருதையன் மறுபடி படிக்கச் சொன்னார். அப்சர் மறுபடி படித்தார். பிறகு, அந்தப் பக்கத்தைப் படமெடுத்து, இதென்ன என்று கேட்டு விவசாயிகளின் கைபேசிக் குழுவில் போட்டார். படத்தில் தாளின் தலைப்பகுதி விழவில்லை.

வேறு ஊராக இருந்தால் சிரித்திருப்பார்கள். இந்தப் பக்கத்தில் அப்படி நடக்காது. குழாய் பதிக்க வந்தவர்கள், துளை போட வந்தவர்கள், இறால் பண்ணைக்கு வளைக்க வந்தவர்கள் என்று பார்த்துப் பார்த்து, தங்கள் நிலம் பற்றி எங்கோ ஒரு தாள் தங்களுக்குத் தெரியாமல் எழுதப்படுகிறது என்று ஒவ்வொருவரும் நம்பிக்கொண்டிருக்கிற இடம் இது. அந்தத் தாள் இதோ வெளியே வந்துவிட்டது என்று நினைத்தார்கள். விளைநிலத்தை நீர்ப்பரப்பு என்று வகைமாற்றி யாருக்கோ கொடுக்கப் போகிறார்கள் என்று பேச்சு பரவி, மறுநாள் காலை இருநூறு பேர் சாலையில் உட்கார்ந்தார்கள். பேருந்துகள் நின்றன. அதிகாரிகள் வந்து, அப்படி எந்த உத்தரவும் இல்லை என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் எழுந்தார்கள். கையெழுத்து யாருடையது என்று கண்டுபிடிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஊருக்கே தெரிந்த கையெழுத்து.

நான்காம் நாள் தாலுகா அலுவலகத்திலிருந்து குறிப்பாணை வந்தது. பசலி 1434-ஆம் ஆண்டு செறுவூர் கிராம அடங்கலில் பொய்ப்பதிவு செய்து பொதுமக்களிடையே பீதி உண்டாக்கியது குறித்து ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று கேட்டிருந்தது. அது கதை என்றார் அக்கா. கதை எதற்கு அடங்கல் படிவத்தில் இருக்கிறது என்று கேட்டார்கள். அது இந்த வருடத்துக் கணக்கே இல்லை என்றார். படத்தில் வருடம் இல்லை, தாளைக் காட்டுங்கள் என்றார்கள். தாள் மருதையனிடம் இருந்தது. வழக்குப் போடப் போவதாகச் சொல்லி அதை யாரிடமும் காட்ட மறுத்தார். அக்கா அவர் வீட்டுக்கு இரண்டு முறை போனார். இரண்டு முறையும் அவர் வயலுக்குப் போய்விட்டதாக வீட்டுக்குள்ளிருந்து அவரே சொன்னார்.

சேரன் கெட்டவரல்ல. அக்காவின் வேலை போய்விடக் கூடாது என்று உண்மையாகவே கவலைப்பட்டார். ஓய்வுபெற இன்னும் ஐந்து வருடம். இப்போது நீக்கினால் ஓய்வூதியமும் கிடையாது. அவரே ஒரு கடிதம் தட்டச்சு செய்து கொண்டுவந்தார். குடும்பச் சூழ்நிலையால் மனநிலை சரியில்லாத நேரத்தில் என்னை அறியாமல் ஏதோ கிறுக்கிவிட்டேன், இனி எதுவும் எழுத மாட்டேன், மன்னிக்க வேண்டுகிறேன் என்று இருந்தது. இதில் ஒரு கையெழுத்து, ஒரு எச்சரிக்கை, அத்தோடு முடிந்துவிடும் என்றார். அவர் சொன்னது சரிதான். அப்படி முடிந்த கோப்புகள் நிறைய.

அக்காவின் கணவர் தங்கையன் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவர். வார்த்தையை எண்ணிப் பேசுபவர்.

"பைத்தியம்னு எழுதிக் குடுத்துடேன். நான் முப்பது வருஷமா சொல்றதுதானே," என்றார்.

அக்கா சிரித்தார். ஆனால் கையெழுத்துப் போடவில்லை. கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். விசாரணைக்குப் போகும் நாளில் என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வரும்போது, அந்தக் கடிதத்தில் எந்த வரி கஷ்டமாக இருக்கிறது என்று கேட்டேன். மனநிலை என்கிற வரியா, இனி எழுத மாட்டேன் என்கிற வரியா?

"என்னை அறியாமல்னு போட்டிருக்கு பாரு, அது," என்றார். பத்து நாள் யோசித்து யோசித்து எழுதிய கதை அது. கடலுக்கு மேல் நிற்கும் படகு எந்த இடத்தில் எந்த வரப்புக்கு நேராக நிற்கும் என்று, வயல் வயலாக நடந்து பார்த்து எழுதியது.

துணை வட்டாட்சியர் முகம்மது யூசுப் விசாரித்தார். ஓய்வுக்கு நெருங்கியவர். மூன்று நாளாக வெள்ளத்தில் நின்ற பயிரைப் பார்வையிட்டு வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. கால்சட்டையின் அடியில் சேறு காய்ந்திருந்தது. அறைக் கதவு திறந்தே இருந்ததால் நான் வெளிப் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டேன். மருதையன் முன்பே வந்திருந்தார். ஜவுளிக்கடைப் பை ஒன்றை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அக்காவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கதையென்றால் கதை மாதிரி எழுத வேண்டியதுதானே, எதற்கு அரசாங்கப் படிவத்தில் என்று யூசுப் கேட்டார்.

"எனக்குத் தெரிஞ்ச எழுத்து அதுதான் சார்."

"புல எண்ணெல்லாம் நெசம், அப்படித்தானே?"

"அது என் தப்பு சார். எல்லா நம்பரும் மனப்பாடம். வேற நம்பர் போட்டா பொய் எழுதுற மாதிரி இருந்துச்சு."

யூசுப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு மருதையனிடம் மூலத்தாளைக் கேட்டார். மருதையன் பையை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"குடுக்க மாட்டேங்க. குடுத்தா நாளைக்கு அப்படியொரு தாளே இல்லன்னு சொல்லிடுவீங்க."

கொடுக்க வேண்டாம், நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள், நான் படிக்கிறேன் என்றார் யூசுப். மருதையன் சற்று யோசித்துவிட்டுத் தாளை எடுத்து மேசைமேல் விரித்து, மேல்விளிம்பில் உள்ளங்கையை அழுத்தி வைத்தார். யூசுப் கீழிருந்து மேலாகப் படித்துக்கொண்டு போனார். மேலே வந்ததும் கையை ஓரமாக நகர்த்தும்படி கேட்டார். மருதையன் நகர்த்தவில்லை. கொஞ்சம் தூக்கினால் போதும் என்றார் யூசுப். தூக்கினார்.

யூசுப் குறிப்பாணையின் நகலைக் கொண்டுவரச் சொல்லி எழுத்தரை அழைத்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இதுல 1434-ன்னு போட்டிருக்கோம். அதுல 1484-ன்னு இருக்கு."

எழுத்தர் எட்டிப் பார்த்தார். படத்தில் வருடம் தெரியவில்லை, அதனால் நடப்பு வருடத்தைப் போட்டோம் என்றார்.

"நான் வேலைக்கு வந்தது பசலி 1402," என்றார் யூசுப், யாரிடம் என்றில்லாமல். "வராத வருஷத்துக்கு ஒருத்தர் பொய்க்கணக்கு எழுதினாங்கன்னு எந்த விதியில நான் எழுதுவேன்? அதுல நானே இருக்க மாட்டேன்."

"உங்க பேரு அதுல இல்ல சார்," என்றார் அக்கா. எழுத்தர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே போனார்.

ஆனாலும் கோப்பை மூட ஓர் எழுத்துமூலமான பதில் வேண்டும். அதை யூசுப் சொன்னபோது அக்கா கைப்பையிலிருந்து சேரனின் கடிதத்தை எடுத்தார். இப்போதும் அந்தக் கடிதம்தான் பத்திரமான வழி. குறிப்பாணையில் வருடம் தவறு என்றானாலும், அலுவலகப் படிவத்தில் எழுதியது, தவறான தாளைக் கொடுத்தது, மறியல் நடந்தது எல்லாம் அப்படியே இருக்கின்றன. அக்கா தாளை விரித்து ஒருமுறை படித்தார். பிறகு திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் எழுதினார். யூசுப் அதை வாங்கிச் சத்தமாகப் படித்தார். அது கதை. சுயநினைவோடு, யோசித்து எழுதினேன். தவறான தாளைக் கொடுத்தது என் கவனக்குறைவு, அதற்கு மன்னிக்கவும். இப்படிக்கு, செவ்வந்தி, கிராம உதவியாளர்.

யூசுப் எழுத்தரைக் கூப்பிட்டு உத்தரவைச் சொல்லச் சொல்ல எழுதச் சொன்னார். அரசுப் படிவங்களில் கதை எழுதியமைக்காக மேற்படியார் எச்சரிக்கப்படுகிறார்; மீதமுள்ள படிவங்களை ஒப்படைக்க வேண்டும்; இது அவருடைய பணிப்பதிவேட்டில் பதியப்படும். அக்கா அதை இன்னொரு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். எழுத்தர் படித்தார். கதை எழுதியமைக்காக என்கிற இடம் வந்தபோது அக்கா தலையை ஆட்டினார். நகல் ஒன்று கிடைக்குமா என்று கேட்டு வாங்கி, எட்டாக மடித்தார்.

மருதையன் எழுந்திருக்கவில்லை.

"அந்தத் தாளுல என்னதான் இருக்கு, முழுசாப் படிங்க சார். எனக்கு அப்சர் ஒரு வரிதான் படிச்சான்."

யூசுப் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு படித்தார். ஒவ்வொரு புல எண்ணாக, கடைசிக் கட்டத்தோடு சேர்த்து. பள்ளிக்கூடத்தின் கொடிக்கம்பம் தண்ணீருக்கு மேல் இரண்டாள் உயரம் தெரிகிறது என்று ஓர் இடத்தில் இருந்தது. களத்துமேட்டின் மேல் மீன்கள் கூட்டமாக வருகின்றன, பழக்கம் போலும் என்று ஓர் இடத்தில். 87/2 வந்தது.

"பயிர், கடல். பாசனம், தேவையில்லை. குறிப்பு: ஆழம் நான்கு முழம். ஆடிப் பதினெட்டு அன்று பட்டாதாரரின் பேரன் பிள்ளைகளோடு படகில் வந்தார். நம் வரப்பு எது என்று கேட்டார். கைகாட்டினேன். அந்த இடத்தில் படகை நிறுத்திச் சாப்பிட்டார்கள்."

மருதையன் கையைத் தாளிலிருந்து எடுத்துவிட்டிருந்தார்.

"என் பேரனா வந்தான்?"

"ஆமாண்ணே."

"எங்கேருந்து வந்தான்?"

"அத எழுதலண்ணே. எனக்கே தெரியல."

மருதையன், நிஜமாகவே கடல் வருமா என்று கேட்டார். தெரியாது என்றார் அக்கா. வைகாசியில் வரப்போரம் உப்புப் பூத்திருந்ததை மருதையன்தான் தமக்குக் காட்டினார் என்றும், அதைப் பார்த்துவிட்டு வந்த அன்றுதான் இதை எழுத ஆரம்பித்ததாகவும் சொன்னார்.

"அப்ப மாத்து," என்றார் மருதையன். "உன் கைதானே எழுதுச்சு. கடல அடிச்சிட்டு நெல்லுன்னு போடு. பொன்னின்னு போடு."

மாற்றிவிட்டால்தான் என்னம்மா என்று யூசுப்பும் சொன்னார். அவருக்கும் அப்படி இருந்தால் நல்லது என்று தோன்றியிருக்க வேண்டும். அக்கா பேனாவைக் கையில் எடுத்தார். எடுத்து, வைத்துவிட்டார்.

"நெல்லுன்னு போட்டா உனக்கு நிம்மதியா இருக்கும்ணே. எனக்கும்தான். ஆனா அது மனுவப் படிக்காமலே தீர்வு செய்யப்பட்டதுன்னு போட்டு மூடுற மாதிரி. உன் உப்ப நான் பாத்தேன். பாத்துட்டு எப்படி மூடுவேன்?"

மருதையன் அவரை முதன்முறையாக நேராகப் பார்த்தார். கோபம் இருந்தது. ஆனால் வந்தபோது இருந்த கோபம் அல்ல அது.

"அப்ப என் ஆட்சேபணைய எழுதிக்க."

இதற்கு மட்டும் விதி இருக்கிறது. எந்தப் பதிவுக்கும் பாதிக்கப்பட்டவர் ஆட்சேபணை தரலாம். வந்த ஆட்சேபணையைப் பதிய வேண்டும். வழக்கமாக முப்பது நாளைக்குள் தர வேண்டும் என்றும், ஐம்பது வருடம் முன்கூட்டித் தந்தவரை இப்போதுதான் பார்ப்பதாகவும் சொல்லி, யூசுப் தம் பேனாவை நீட்டினார். அக்கா தாளைத் தம் பக்கம் திருப்பினார். 87/2-க்கு எதிரே, குறிப்புக் கட்டத்தில், படகை நிறுத்திச் சாப்பிட்டார்கள் என்பதன் கீழே ஒரு விரல் அகலம் இடம் இருந்தது. சிறிய எழுத்தில் எழுதினார். எழுதி முடித்ததும் மருதையன் வாங்கி, எழுத்துக் கூட்டி மெதுவாகப் பார்த்துவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டார். பிறகு தாளைப் பையில் வைக்காமல் அக்காவிடமே கொடுத்தார்.

இப்போது அக்கா பள்ளிக்கூட நோட்டில் அடிக்கோல் வைத்துக் கட்டங்களைத் தாமே போட்டு எழுதுகிறார். புல எண்களை மாற்றிப் போடுகிறார். ஒவ்வொரு முறையும் அது அவருக்கு உறுத்துகிறது. முப்பத்தொன்றாவது கதையை நான் கணினியில் ஏற்றியபோது, 87/2-இன் அந்தக் கடைசிக் குறிப்பை விடக் கூடாது என்று இரண்டு முறை சொன்னார். விடவில்லை. அது இப்படி இருக்கிறது:

பட்டாதாரர் மருதையன் இப்பதிவை ஏற்கவில்லை. அவருடைய ஆட்சேபணை பசலி 1434-இலேயே பெறப்பட்டது. நிலுவையில் உள்ளது.